விஎம்ஸ்டாட்டில் 'சிஎஸ்' குறைவு, சிஸ் டைம் மட்டும் 24 வினாடி: கெர்னலுக்குள் எத்தனை முறை போகுதுன்னு எப்படி எண்றது?

வேளச்சேரி64

வணக்கம். இறுதியாண்டு ப்ராஜெக்ட், சி ப்ரோக்ராம். சென்னை பஸ் தடங்களோட ஜிபிஎஸ் லாக், 20 லட்சம் வரி, 160 எம்பி. ஃபைலை எம்மேப் பண்ணி (ப்ரோக்ராமோட முகவரிப் பரப்பில் நேரா பொருத்தி) வரிவரியா பிரிக்கிறேன். ஒவ்வொரு வரிக்கும் முன்னாடி ஒண்ணு, பின்னாடி ஒண்ணுன்னு க்ளாக்_கெட்டைம் கூப்பிட்டு நேரம் குறிக்கிறேன்.

என் லேப்டாப்பில்: ரியல் (மொத்த நேரம்) 1.4 வினாடி, யூசர் (என் கோடு ஓடினது) 1.2, சிஸ் (அதுக்காக கெர்னல் ஓடினது) 0.1.
லேப்ல குடுத்த விஎம்மில் (மெய்நிகர் கணினி), அதே பைனரி: ரியல் 26, யூசர் 1.3, சிஸ் 24.

யூசர் மோடுக்கும் கெர்னல் மோடுக்கும் (ஓஎஸ்ஸோட மையக் கோடு ஓடுற நிலை) நடுவுல அடிக்கடி போய் வருதோன்னு விஎம்ஸ்டாட் (சிஸ்டம் புள்ளிவிவரக் கருவி) ஓட்டினேன். சிஎஸ் காலத்துல வினாடிக்கு 250, 300 தான். லேப்டாப்பில் ஸ்ட்ரேஸ் -சி (சிஸ்கால், அதாவது கெர்னலுக்கு விடுற அழைப்பை எண்ற கருவி) போட்டா மொத்தமே 50 சிஸ்கால் கூட இல்ல, க்ளாக்_கெட்டைம் பேரே வரல. அதனால அது காரணம் இல்லன்னு விட்டுட்டேன். விஎம்மில் ஸ்ட்ரேஸ் இல்ல, பெர்ஃப் (செயல்திறன் அளக்கிற கருவி) இருக்கு, சூடோவும் உண்டு. வேற எங்க பார்க்கணும்?

ரிங்மூன்று

விஎம்ஸ்டாட்டோட சிஎஸ், கான்டெக்ஸ்ட் ஸ்விட்ச். ஒரு டாஸ்க்கை எடுத்துட்டு இன்னொண்ணை சிபியூவில் வைக்கிற கணக்கு அது. நீங்க தேடுறது மோட் மாற்றம். அதுல டாஸ்க் மாறாது, அதிகார நிலை மட்டும்தான் மாறும். கெட்பிஐடி சிஸ்காலை ஒரு லூப்பில் பத்து லட்சம் தடவை கூப்பிட்டுப் பாருங்க. கெர்னலுக்குள் பத்து லட்சம் முறை போய் வரும், சிஎஸ் காலம் அசையாது. பேர் ஒற்றுமையும் சேர்ந்து குழப்பும். எக்ஸ்86 ப்ராசஸருக்குள் சிஎஸ்னு ஒரு ரெஜிஸ்டர் உண்டு, அதோட கடைசி 2 பிட்தான் மோடைச் சொல்லும்: 3 என்றால் யூசர், 0 என்றால் கெர்னல். விஎம்ஸ்டாட் காலத்துக்கும் அதுக்கும் சம்பந்தமே இல்ல.

எண்றதுக்கு பெர்ஃப் ஸ்டாட் போதும். -இ கொடுத்து இந்த மூணு ட்ரேஸ்பாயின்ட்டையும் (கெர்னல் கோடில் முன்கூட்டியே வெச்சிருக்கற கவனிப்புப் புள்ளி) சேருங்க:

ரா_சிஸ்கால்ஸ்:சிஸ்_என்டர்
எக்ஸெப்ஷன்ஸ்:பேஜ்_ஃபால்ட்_யூசர் (இன்னும் மேப் ஆகாத பக்கத்தைத் தொட்டா வர்ற ஃபால்ட்)
ஐஆர்க்யூ_வெக்டர்ஸ்:லோக்கல்_டைமர்_என்ட்ரி (டைமர் இன்டரப்ட்)

சூடோவோட ஓட்டுங்க, சாதாரண யூசருக்கு ட்ரேஸ்பாயின்ட் திறக்காது. விஎம்மில் சைக்கிள்ஸ் மாதிரி ஹார்ட்வேர் கவுன்டருக்கு 'நாட் சப்போர்ட்டட்'னு வரலாம். பயப்பட வேண்டாம், ட்ரேஸ்பாயின்ட் கெர்னல் மென்பொருளிலேயே இருக்கறதால அது வேலை செய்யும்.

உங்க ப்ரோக்ராமுக்கு முன்னாடி அளவுகோலைச் சரிபாருங்க. டிடி கமாண்டில் டெவ் ஸீரோவிலிருந்து டெவ் நல்லுக்கு, பிஎஸ்=1, கவுன்ட்=500000. ஒரு பைட்டுக்கு ஒரு ரீட், ஒரு ரைட். சிஸ்_என்டர் 10 லட்சமும் அதுக்கு மேல கொஞ்சமும் வரணும். அப்படி வரலன்னா அடுத்த எண் எதையும் நம்பாதீங்க.

இனி உங்க அனுமானத்துக்கு வருவோம். லேப்டாப்பில் க்ளாக்_கெட்டைம் தெரியாததுக்குக் காரணம் விடிஎஸ்ஓ. கெர்னல் ஒரு சின்ன கோடுப் பக்கத்தை ஒவ்வொரு ப்ராசஸோட முகவரிப் பரப்பிலும் வைக்குது. அது டிஎஸ்சி கவுன்டரை (சிபியூவுக்குள்ளேயே இருக்கற நேர எண்ணி) யூசர் மோடிலேயே படிச்சு நேரம் சொல்லிடும், கெர்னலுக்குள் போகாது. ஆனா க்ளாக்சோர்ஸ் (கெர்னல் நேரம் எடுக்கிற ஹார்ட்வேர் கடிகாரம்) எச்பெட், ஏசிபிஐ_பிஎம் மாதிரி யூசர் மோடில் படிக்க முடியாததா இருந்தா, அதே ஃபங்ஷன் சத்தமில்லாம நிஜ சிஸ்காலா மாறிடும். பைனரியில் ஒரு எழுத்துகூட மாற வேண்டாம். 'ஸிஸ்' டைரக்டரியில் டிவைசஸ், சிஸ்டம், க்ளாக்சோர்ஸ், க்ளாக்சோர்ஸ்0 வரைக்கும் போய் கரன்ட்_க்ளாக்சோர்ஸ், அவைலபிள்_க்ளாக்சோர்ஸ் ரெண்டையும் இங்க போடுங்க.

வேளச்சேரி64

டிடி சரியா வந்தது. என் ப்ரோக்ராம்:

சிஸ்_என்டர் 40,00,052
பேஜ்_ஃபால்ட்_யூசர் 2,671

கரன்ட்: ஏசிபிஐ_பிஎம். அவைலபிள்: கேவிஎம்-க்ளாக், ஏசிபிஐ_பிஎம்.

ரிங்மூன்று

20 லட்சம் வரிக்கு வரிக்கு ரெண்டு, சரியா 40 லட்சம். 24 வினாடியை வகுத்தா ஒரு அழைப்புக்கு 6 மைக்ரோவினாடி. வெறும் சிஸ்காலுக்கு இது ரொம்ப அதிகம். ஏசிபிஐ_பிஎம்மைப் படிக்க கெர்னல் ஒரு ஐ/ஓ போர்ட்டைத் தொடணும். விஎம்முக்குள் அந்தப் போர்ட் கிடையாது, ஒவ்வொரு தடவையும் ஹோஸ்ட் (விஎம்மை ஓட்டுற நிஜ மெஷின்) வரை போய்த் திரும்பணும். கெஸ்ட்டோட (விஎம்மோட) கணக்கில் அந்த நேரமும் சிஸ் பக்கம்தான் விழும்.

கரன்ட்_க்ளாக்சோர்ஸ் ஃபைலில் கேவிஎம்-க்ளாக்னு (விஎம்முக்குன்னே உள்ள க்ளாக்சோர்ஸ், விடிஎஸ்ஓ படிக்கக்கூடியது) எழுதிப் பாருங்க, ரீபூட் தேவையில்ல. அது பட்டியலில் இருந்தும் கெர்னல் எடுக்காததுக்குக் காரணம் பெரும்பாலும் பூட் வரிதான் (கெர்னல் தொடங்கும்போது குடுக்கிற அளவுருக்கள்). ப்ராக் டைரக்டரியில் சிஎம்டிலைனைப் பாருங்க, க்ளாக்சோர்ஸ்=ஏசிபிஐ_பிஎம் இருந்தா க்ரப் ஃபைலிலிருந்து எடுத்துட்டு அப்டேட்-க்ரப் ஓட்டணும். இல்லன்னா அடுத்த பூட்டில் திரும்ப வந்துடும். டிஎஸ்சி=ரிலையபிள்னு சேர்க்கச் சொல்லி யாராவது சொன்னா செய்யாதீங்க. அது டிஎஸ்சியைக் கண்காணிக்கிற வாட்ச்டாகை நிறுத்திடும். டிஎஸ்சி நிஜமாவே பிசகினா நேரம் பின்னோக்கிப் போகலாம், எந்த எச்சரிக்கையும் வராது.

க்ளாக்சோர்ஸை மாத்த அனுமதி இல்லாத மெஷினில் க்ளாக்_மோனோடோனிக்_கோர்ஸ் கேளுங்க. அது எந்த க்ளாக்சோர்ஸிலும் விடிஎஸ்ஓவுக்குள்ளேயே முடியும். ஆனா ஒரு டிக் (கெர்னல் டைமரோட ஒரு துடிப்பு) அளவுதான் துல்லியம்: எச்இசட் (வினாடிக்கு எத்தனை டிக்) 250 என்றால் 4 மில்லிவினாடி. ஒரு வரியைப் பிரிக்கிற நேரத்தை அளக்க அது உதவாது.

வேளச்சேரி64

நன்றி அண்ணா, சிஎம்டிலைனில் நீங்க சொன்னது அப்படியே இருந்தது. மாத்தினதும் ரியல் 1.6, சிஸ் 0.1, சிஸ்_என்டர் 52.

ரெண்டு சந்தேகம் மீதி. 160 எம்பியை 4 கேபியால் வகுத்தா 40,960 பக்கம்; ஃபால்ட் ஏன் 2,671 மட்டும்? அப்புறம் கான்டெக்ஸ்ட்_ட்ராக்கிங் குழுவில் யூசர்_என்டர், யூசர்_எக்ஸிட்னு ரெண்டு இருக்கே, எல்லா மாற்றத்தையும் அதுலயே எண்ணலாம்னு பார்த்தா ரெண்டும் சைபர்.

கோடம்பாக்கம்_கெர்னல்

முதலாவது: ஃபைல் ஏற்கெனவே பேஜ் கேஷில் (மெமரியில் கெர்னல் வைத்திருக்கும் ஃபைல் நகல்) இருந்தால், ஒரு ஃபால்ட் வரும்போது கெர்னல் அக்கம்பக்கத்துப் பக்கங்களையும் சேர்த்து மேப் செய்துவிடும். வழக்கமான அளவு 64 கேபி, அதாவது 16 பக்கம். 40,960ஐ 16ஆல் வகுத்தால் 2,560. மீதி நூற்றுச் சொச்சம் ப்ரோக்ராம் ஏறும்போது வருபவை. கேஷைக் காலி செய்துவிட்டு ஓட்டினால் எண் மாறும், எனவே ஒப்பிடும்போது இரண்டாவது ஓட்டத்தையே எடுங்கள்.

இரண்டாவது: அந்த ட்ரேஸ்பாயின்ட்டுகள் நோஹெச்இசட்_ஃபுல் பூட் அளவுருவில் பெயர் சொன்ன சிபியூக்களில் மட்டும் உயிர்பெறும். டிக்கை நிறுத்திவைத்த சிபியூவில், டாஸ்க் யூசர் மோடில் இருக்கிறதா என்று ஆர்சியூவுக்கும் (கெர்னலின் ஒத்திசைவு முறை) நேரக் கணக்குக்கும் தெரிந்தாக வேண்டும். அதற்காக எழுதப்பட்டவை அவை. மற்ற சிபியூக்களில் அந்தக் கோடு அணைந்தே கிடக்கும். எண்ணிக்கைக்காக அதை இயக்க வேண்டாம். ஒவ்வொரு நுழைவிலும் வெளியேற்றத்திலும் கூடுதல் வேலை சேர்ந்து, நீங்கள் அளக்க வந்த செலவையே அது கூட்டிவிடும்.

சிஸ்கால், ஃபால்ட், இன்டரப்ட் மூன்றையும் ஒரே எண்ணாகப் பார்க்க வேண்டுமானால் லேப்டாப்பில் பாருங்கள். இன்டெல் சிபியூ என்றால் பிஆர்_இன்ஸ்ட்_ரிடயர்ட்.ஃபார்_ப்ராஞ்ச் என்ற ஹார்ட்வேர் கவுன்டர் உண்டு. பின்னால் முக்காற்புள்ளி வைத்து 'யு' சேர்த்தால் யூசர் பக்கம் மட்டும் எண்ணும். டிடி சோதனையையே அதிலும் ஓட்டுங்கள். 10 லட்சத்தையொட்டி வந்தால் உங்கள் சிபியூவில் அந்தக் கவுன்டரை நம்பலாம்.