ஏர்பேக் விளக்கு அணைய மாட்டேங்குது: ஒரு கோடு ரெசிஸ்டன்ஸ் அதிகம், இன்னொன்று குறைவு

சேலம்_வயரிங் கேட்டது:

வணக்கம் அண்ணன்மாரே. 2017 மாடல் ஹேட்ச்பேக். முன்னாடி ரெண்டு ஏர்பேக், ரெண்டு முன் சீட்டிலும் பக்கிள் பக்கம் பிரிடென்ஷனர் (மோதும்போது சீட் பெல்ட்டை இழுத்து இறுக்குவது). மீட்டர் போர்டில் ஏர்பேக் விளக்கு தொடர்ந்து எரிகிறது. ஸ்கேனரில் ரெண்டு கோடு (கோளாறு எண்) நிற்கிறது.

முதலாவது பி0001-1பி (B0001-1B), அதாவது டிரைவர் ஏர்பேக் முதல் நிலை, ரெசிஸ்டன்ஸ் அதிகம். அழித்தால் போகிறது. ஸ்டியரிங்கை இடது பக்கம் முழுக்க ஒடித்தால் திரும்ப வருகிறது. அந்த நேரம் ஹாரனும் விட்டு விட்டுத்தான் அடிக்கிறது.

ரெண்டாவது பயணி பக்க பிரிடென்ஷனர், 1ஏ, ரெசிஸ்டன்ஸ் குறைவு. இது அழியவே மாட்டேங்குது. கார்பெட் காய வைக்க சீட்டைக் கழட்டி மாட்டியதில் இருந்து இருக்கிறது.

ஏர்பேக்கின் ஓமை நேரடியாக மல்டிமீட்டரில் பார்க்கலாமா? ஏர்பேக்குக்குப் பதில் 2.2 ஓம் ரெசிஸ்டரை அதன் மஞ்சள் கனெக்டரில் சொருகிப் பார் என்கிறார்கள், அது சரியான முறையா? ஏர்பேக் ஈசியுவையே (ஏர்பேக்கை இயக்குகிற கன்ட்ரோல் யூனிட்) மாற்ற வேண்டும் என்று வண்டிக்காரரிடம் யாரோ சொல்லி வைத்திருக்கிறார்கள். அதற்கு முன் என்னென்ன பார்க்க வேண்டும்?

---

கோவை_ஆட்டோலெக்ட்ரிக்:

தம்பி, ஏர்பேக்கில் மீட்டர் வைக்கவே வேண்டாம். உள்ளே தீ மூட்டுகிற ஸ்குவிப் சுமார் 2 ஓம் உள்ள மெல்லிய கம்பி. இப்போது வருகிற ஸ்குவிப்கள் பெரும்பாலும் 1.2 ஆம்பியர் 2 மில்லி செகண்ட் ஓடினால் கட்டாயம் வெடிக்கிற மாதிரி செய்தவை. வெடிக்காது என்று உறுதி தருவது 0.4 ஆம்பியர் வரைதான். நல்ல டிஜிட்டல் மீட்டர் ஓம் ரேஞ்சில் விடுகிற கரண்ட் ரொம்பக் குறைவு என்பது உண்மை. ஆனால் பழைய முள் மீட்டர் கீழ் ரேஞ்சில் நூறு மில்லி ஆம்பியருக்கு மேலேயே விடும். டெஸ்ட் லைட் இன்னும் மோசம், 12 வோல்ட் 21 வாட் பல்பு ஒன்றே முக்கால் ஆம்பியர் இழுக்கும். கம்பெனிக்காரன் எல்லாருமே ஸ்குவிப்பை அளக்காதே என்று மேனுவலில் போட்டிருப்பது இதனால்தான். ஏர்பேக்கைச் சுற்றுக்கு வெளியே எடுத்துவிட்டு, அந்த இடத்தில் டம்மி, அதாவது அதே அளவு ஓம் உள்ள ரெசிஸ்டர், வைத்துப் பார்ப்பதுதான் முறை.

உங்கள் கேள்வியிலேயே பாதி பதில் இருக்கிறது. ஈசியு பார்ப்பது ஏர்பேக்கை மட்டும் இல்லை. ஈசியு பின், ஹார்னஸ் (வயர் கட்டு), கிளாக் ஸ்பிரிங் (ஸ்டியரிங்குக்கு அடியில் சுருண்டிருக்கிற ரிப்பன் கேபிள்), மஞ்சள் கனெக்டர், ஸ்குவிப் எல்லாம் சேர்ந்த ஒரே லூப்பைப் பார்க்கிறது. மொத்தமே 2 ஓம் சொச்சம் இருக்க வேண்டிய லூப்பில் ஒரு பின் லேசாகத் தளர்ந்து ஒன்றிரண்டு ஓம் கூடினால் போதும், விளக்கு வந்துவிடும். ஹெட்லைட் சுற்றில் இதே பின் இருந்திருந்தால் யாருக்கும் தெரியவே தெரியாது.

அடுத்தது ஷார்ட்டிங் பார். மஞ்சள் கனெக்டருக்குள் ஒரு சின்ன ஸ்பிரிங் தகடு இருக்கும். கனெக்டரைக் கழட்டினதும் அது ஸ்குவிப்பின் ரெண்டு பின்னையும் தானாக ஒன்றோடு ஒன்று தொட வைக்கும். ஸ்டாட்டிக் கரண்டில் வெடிக்கக் கூடாது என்பதற்கான ஏற்பாடு. முழுக்க மாட்டி லாக் விழும்போது எதிர் கனெக்டரில் இருக்கிற பிளாஸ்டிக் நாக்கு அந்தத் தகட்டைத் தூக்கி விலக்கும். லாக் முக்கால்வாசி மட்டும் விழுந்திருந்தால் பின் தொட்டிருக்கும், தகடும் விலகியிருக்காது. ஈசியுவுக்கு ரெசிஸ்டன்ஸ் குறைவாகத் தெரியும். சீட்டைக் கழட்டி மாட்டிய பிறகு வந்த 1ஏ பத்தில் ஒன்பது தடவை இதுதான். சீட்டுக்கு அடியில் ரெண்டாவது லாக் கிளிக் என்று விழுந்திருக்கிறதா பாருங்கள். விழவில்லை என்றால் அழுத்தித் தள்ளாதீர்கள், கழட்டி அந்த நாக்கு உடைந்திருக்கிறதா என்று பாருங்கள்.

இப்போது டம்மி. ரெசிஸ்டர் காலை நேரே கனெக்டர் ஓட்டையில் சொருகாதீர்கள். ரெண்டு காரணம். ஒன்று, ஹார்னஸ் பக்கத்தில் ஷார்ட்டிங் பார் இருந்தால் அது விலகாது, டம்மி வைத்த பிறகும் "ரெசிஸ்டன்ஸ் குறைவு" என்று வரும், நீங்கள் இல்லாத ஷார்ட்டைத் தேடிக்கொண்டு இருப்பீர்கள். ரெண்டு, ரெசிஸ்டர் கால் பெண் பின்னை அகட்டிவிடும், நாளைக்கு அதுவே புது கோளாறு. ஸ்கிராப் வண்டியில் வெடித்து முடிந்த ஏர்பேக்கின் எதிர் கனெக்டர் கிடைக்கும். அதில் 2.2 ஓம் அரை வாட் ரெசிஸ்டரை சால்டர் செய்து வைத்துக்கொள்ளுங்கள். நாக்கும் லாக்கும் அசல் மாதிரியே வேலை செய்யும்.

செய்ய வேண்டிய வரிசை:

1. முன் சக்கரங்களை நேராக வைத்து இக்னிஷன் ஆஃப், பேட்டரி மைனஸ் கழட்டி ஒதுக்கி வையுங்கள். ஈசியுவில் பேக்கப் கப்பாசிட்டர் இருக்கிறது, அது இறங்கணும். 90 செகண்ட் போதும் என்கிற கம்பெனி உண்டு, 3 நிமிடம் சொல்கிற கம்பெனியும் உண்டு. தெரியாவிட்டால் 3 நிமிடமே வையுங்கள்.
2. டிரைவர் ஏர்பேக்கைக் கழட்டி, கவர் பக்கம் மேலே பார்க்க, மேலே எதுவும் இல்லாத இடத்தில் வையுங்கள். தூக்கிப் போகும்போது கவர் உங்களுக்கு எதிர்ப்பக்கம் இருக்கட்டும்.
3. ஏர்பேக் கனெக்டரில் டம்மி. பேட்டரி மாட்டி, இக்னிஷன் ஆன், கோடு அழித்து, ஸ்டியரிங்கை மெதுவாக ரெண்டு கோடிக்கும் திருப்புங்கள். ஸ்கேனரில் அந்த லூப்பின் ஓம் லைவ் டேட்டாவாக வந்தால் அதைப் பார்த்துக்கொண்டே திருப்புங்கள்.
4. கோடு வரவில்லை என்றால் ஏர்பேக் பக்கம், அல்லது அதன் கனெக்டர். வந்தால் திரும்ப பேட்டரி கழட்டி, 3 நிமிடம் விட்டு, டம்மியை கிளாக் ஸ்பிரிங்குக்குக் கீழே, ஸ்டியரிங் காலம் (ஸ்டியரிங் தண்டு) பக்கக் கனெக்டரில் வையுங்கள். இப்போது கோடு போனால் கிளாக் ஸ்பிரிங். போகவில்லை என்றால் அங்கிருந்து ஈசியு வரை ஹார்னஸ்.

ஹாரனும் சேர்ந்து விட்டு விட்டு அடிப்பதால் கிளாக் ஸ்பிரிங் மேல்தான் என் சந்தேகம். ஹாரன், ஏர்பேக், ஸ்டியரிங் ஆடியோ பட்டன் எல்லாம் அந்த ஒரே ரிப்பன் கேபிள் வழியாகத்தான் வருகின்றன. ஆனாலும் மேலே சொன்ன சோதனை இல்லாமல் பார்ட் ஆர்டர் போடாதீர்கள்.

---

மதுரை_ஸ்கேன்:

அண்ணன் சொன்னதில் எல்லாம் அடங்கிவிட்டது. ஈசியு பற்றி மட்டும் சேர்க்கிறேன்.

கோடின் கடைசி ரெண்டு எழுத்தைப் படிக்கப் பழகுங்கள். 11 என்றால் எர்த்துக்கு ஷார்ட், 12 பேட்டரிக்கு ஷார்ட், 13 ஓபன், 1ஏ ரெசிஸ்டன்ஸ் எல்லைக்குக் கீழே, 1பி எல்லைக்கு மேலே. மலிவு ஸ்கேனர்கள் இந்த வாலை வெட்டிவிட்டு "டிரைவர் ஏர்பேக் கோளாறு" என்று மட்டும் காட்டும். அதை நம்பித்தான் பலர் ஈசியு மாற்றுகிறார்கள்.

11 வந்தால் ஓம் பார்ப்பது வேறு விதம். ரெண்டு பக்கமும் கழட்டிவிட்டு, ஹார்னஸ் வயர் ஒவ்வொன்றையும் பாடி எர்த்துக்கு எதிராக அளக்க வேண்டும், மெகா ஓமில் நிற்க வேண்டும். ஏர்பேக்கைத் திருப்பி மாட்டும்போது பின்னால் இருக்கிற வயர் ஸ்டியரிங் இரும்புக்கும் ஏர்பேக்குக்கும் நடுவே நசுங்குவதும், சீட் ரயிலில் வயர் உரசித் தோல் உரிவதும் இந்தக் கோடுக்கு அடிக்கடி வருகிற காரணங்கள். அதே ஹார்னஸில் ரெண்டு வயருக்கும் நடுவே அளக்கப் போனால் ஷார்ட்டிங் பார் பூஜ்யம் காட்டும். ஒரு மெல்லிய பிளாஸ்டிக் துண்டை நுழைத்துத் தகட்டைத் தூக்கிவிட்டு அளங்கள். மீட்டர் லீடுக்கே 0.3, 0.5 ஓம் இருக்கும், ரெண்டு லீடையும் தொட வைத்து வருகிற கணக்கைக் கழித்துக்கொள்ளுங்கள்.

முன் பம்பர், பக்கவாட்டு இம்பாக்ட் சென்சார் கோடு வந்தால் ஓம் பார்த்துப் பயனில்லை. உள்ளே எலக்ட்ரானிக்ஸ் இருக்கிறது, கரண்டை ஏற்றி இறக்கி ஈசியுவோடு பேசுகிறது. கனெக்டர், வயர், சப்ளை சரியாக இருந்தால் இடது வலது சென்சார் ஒரே பார்ட் நம்பராக இருக்கும்பட்சத்தில் மாற்றிப் போட்டு, கோடும் பக்கம் மாறுகிறதா பாருங்கள்.

ஈசியுவை எப்போது மாற்றுவது? வண்டி மோதி ஏர்பேக் வெடித்து கிராஷ் டேட்டா லாக் ஆகியிருந்தால், உள்ளே தண்ணி போயிருந்தால், அல்லது எல்லா லூப்பிலும் டம்மி வைத்த பிறகும் ஈசியு உட்கோளாறு கோடு நின்றால். உங்கள் வண்டியில் கார்பெட் நனைந்திருக்கிறது. பல வண்டிகளில் ஈசியு கியர் லீவருக்கு முன்னால் தரையோடு இருக்கும். அங்கே ஈரம் இருந்ததா என்று கன்சோலைக் கழட்டிப் பார்த்தே ஆக வேண்டும். பேட்டரி வோல்டேஜும் முதலில் பாருங்கள். ஸ்டார்ட் செய்யும்போது ரொம்ப இறங்கினால் சப்ளை கோடுகள் தனியாக வந்து குழப்பும்.

இன்னொன்று, பழைய வண்டி வாங்குகிறவர்களும் இந்தத் திரியைப் படிப்பார்கள் என்பதால் சொல்கிறேன். இக்னிஷன் போட்டதும் ஏர்பேக் விளக்கு எரிந்து சில செகண்டில் அணைய வேண்டும், பல வண்டிகளில் 6 செகண்ட். எரியவே இல்லை என்றாலும் கோளாறுதான். விளக்கை எடுத்திருப்பார்கள், அல்லது ஆயில் விளக்கோடு சேர்த்து வயர் போட்டிருப்பார்கள். லூப்பில் ரெசிஸ்டரை வைத்து மூடினால் விளக்கு ஒழுங்காக அணையும், மோதும்போது ஈசியு அந்த ரெசிஸ்டரைத்தான் எரிக்கும், உள்ளே இருக்கிறவருக்கு ஏர்பேக் கிடையாது. டம்மி சோதனைக்கு மட்டும். வேலை முடிந்ததும் டம்மி உங்கள் டூல் பாக்ஸில் இருக்கிறதா என்று பார்த்துவிட்டு வண்டியைக் கொடுங்கள். இந்தியாவில் டிரைவர் ஏர்பேக் 2019 ஜூலை 1 முதல் புது கார்களுக்குக் கட்டாயம். அந்த வண்டிகளில் பல இப்போது வாரண்டி முடிந்து நம் மாதிரி கடைகளுக்கு வருகின்றன. இதைப் பிடிவாதமாகச் சொல்ல வேண்டிய காலம்.

---

யாழ்_ஹைபிரிட்:

இஞ்ச இலங்கையில ரொயோட்டா வாகனங்கள்தான் கூட. அதில கோட் வேற மாதிரி எழுதுவினம், ஆனா ஒழுங்கு ஒண்டுதான். பி1800 எண்டால் ட்ரைவர் ஸ்குவிப் ஷோர்ட், 1801 ஓபன், 1802 எர்த்துக்கு ஷோர்ட், 1803 பற்றரிக்கு ஷோர்ட். 1805 இல இருந்து 1808 வரை பயணி பக்கத்துக்கு அதே ஒழுங்கு. முன் சீற் பெல்ற் ப்ரிரென்ஷனருக்கு ட்ரைவர் பக்கம் 1900 இல தொடங்கும், மற்றப் பக்கம் 1905 இல.

பல ப்ரியஸ்களில 12 வோல்ற் பற்றரி பின்னுக்கு டிக்கிக்குள்ள இருக்குது, டிக்கி லொக்கும் கரண்டிலதான் திறக்கும். மைனஸ் கழட்டுறதுக்கு முதல் டிக்கியைத் திறந்து, மூடுப்படாமல் பாத்துக்கொள்ளுங்கோ. கோட் பாக்கிறதுக்கு ரெடிக்கு (வாகனம் ஓடத் தயாரான நிலை) போகத் தேவையில்லை, பிரேக் மிதிக்காமல் பவர் பட்டனை ரெண்டு தரம் அமத்தி ஒன் நிலையில வைச்சால் காணும்.

ஒரு முக்கியமான விஷயம். விளக்கு எரியேல்லை எண்டதுக்காக ஏர்பேக் நல்லது எண்டு நினைக்காதேங்கோ. தகாட்டா கம்பனி செய்த இன்ஃப்ளேற்றர்களில (ஏர்பேக்கை ஊத வைக்கிற வாயுக் குடுவை) அமோனியம் நைத்திரேற்று இருந்தது. வெக்கையும் ஈரப்பதனும் கன வருசமாப் பட அது பழுதாகி, வெடிக்கேக்க இரும்புக் கூடு சிதறி ஆக்களைச் சாகடிச்சிருக்குது. ஸ்குவிப்பின்ர ஓம் சரியாத்தான் இருக்கும், ஈசியுவுக்கு ஒரு கோட்டும் வராது. எங்கட காலநிலையில இது இன்னும் கவனிக்க வேண்டியது. பழைய வாகனம் எண்டால், ஏர்பேக்கில கை வைக்கிறதுக்கு முதல் சசி நம்பரைக் கம்பனியின்ர ரீகோல் (பழுதான வாகனங்களைத் திருப்பி அழைக்கிற) பக்கத்தில போட்டுப் பாருங்கோ. வந்தால் கழட்டாமல் ஏஜென்ரிட்ட அனுப்புங்கோ.

---

சேலம்_வயரிங்:

மூன்று பேருக்கும் நன்றி. சோதித்துப் பார்த்தது இது:

ஏர்பேக்கில் டம்மி வைத்தும் இடது கோடியில் கோடு வந்தது. லைவ் டேட்டாவில் நேராக இருக்கும்போது 2.4 ஓம், இடது ஒடிக்க ஒடிக்க ஏறி, கடைசியில் ஓபன். கிளாக் ஸ்பிரிங்குக்குக் கீழே வைத்தால் எங்கே திருப்பினாலும் 2.2 இல் அசையாமல் நிற்கிறது. சீட்டுக்கு அடியில் மஞ்சள் கனெக்டரின் ரெண்டாவது லாக் விழவில்லை. கழட்டிப் பார்த்தால் நாக்கு முழுசாக இருக்கிறது, ஆனால் பின் பச்சை பூத்திருக்கிறது. கன்சோலுக்கு அடியில் ஈசியு காய்ந்திருக்கிறது, கனெக்டரும் சுத்தம். பச்சை பூத்த பின்னை உப்புத்தாள் போட்டுத் தேய்க்கலாமா? ஸ்டியரிங் ராக் (முன் சக்கரங்களைத் திருப்புகிற பல் சட்டம்) ஏற்கெனவே மாற்றிய வண்டி, இதற்கும் கிளாக் ஸ்பிரிங்குக்கும் சம்பந்தம் உண்டா?

---

கோவை_ஆட்டோலெக்ட்ரிக்:

சம்பந்தம் உண்டு. ராக் மாற்றும்போது காலம் ஜாயின்ட் கழன்றிருக்கும் நேரத்தில் ஸ்டியரிங் ஒரு சுற்று கூடச் சுற்றியிருந்தால் கிளாக் ஸ்பிரிங் நடு மாறிவிடும். உள்ளே ரிப்பன் இஞ்சி டேப் மாதிரி சுருண்டு இருக்கிறது. நடு மாறினால் ஒரு பக்கம் முழுக்க ஒடிக்கும் முன்பே ரிப்பன் இழுபட்டு, முதலில் விரிசல், அப்புறம் துண்டு. புதுசு போடும்போது முன் சக்கரம் நேராக இருக்கட்டும். பல புது பார்ட்டில் நடுவைப் பிடித்து வைக்க ஒரு பின் அல்லது ஸ்டிக்கர் இருக்கும், ஸ்டியரிங் காலத்தில் உட்கார்ந்த பிறகுதான் அதை எடுக்க வேண்டும். எடுத்துவிட்டார்கள் என்றால் கையால் இடஞ்சுழியாக மெதுவாக நிற்கிற வரை சுற்றி, அங்கிருந்து வலஞ்சுழியாகத் திருப்பி அடையாளத்தைச் சேருங்கள். டொயோட்டாவில் அது சுமார் இரண்டரை சுற்று, மற்றவற்றுக்கு மேனுவல் பாருங்கள். நின்ற பிறகு பலம் போட்டுத் திருப்பினால் புது ரிப்பனும் போச்சு. பிரித்து சால்டர் வைக்கிற வேலை வேண்டவே வேண்டாம்.

உப்புத்தாள் கூடாது. பல வண்டிகளில் இந்தப் பின்னுக்குத் தங்க முலாம் இருக்கும். தேய்த்தால் முலாம் போய் அடியில் இருக்கிற உலோகம் தெரியும், மூன்று மாதத்தில் 1பி வந்து நிற்கும். பச்சை பூத்த அளவுக்கு வந்தால் கான்டாக்ட் கிளீனரும் தற்காலிகம்தான். அந்தப் பின்களை, முடிந்தால் ரெண்டு பக்கக் கனெக்டரையும் மாற்றுங்கள். ஏர்பேக் வயரில் ஜாயின்ட் போட அனுமதிக்காத கம்பெனிகள் இருக்கின்றன, அங்கே ஹார்னஸ்தான் மாற்ற வேண்டும். அனுமதி இருந்தால் கிரிம்ப் ஸ்லீவ் போட்டு, மேலே பசை உள்ள ஹீட் ஷ்ரிங்க். முறுக்கி டேப் சுற்றுவது கிடையாது. ரெண்டு வயரின் ஜாயின்ட்டும் ஒரே இடத்தில் வராமல் நாலு சென்டிமீட்டர் தள்ளிப் போடுங்கள், ஜோடியின் முறுக்கைத் திரும்பக் கொடுத்துவிடுங்கள். பிரிடென்ஷனர் கனெக்டரிலும் பேட்டரி கழட்டி 3 நிமிடம் விட்டுத்தான் கை வைக்க வேண்டும், அதற்குள்ளும் வெடிமருந்து இருக்கிறது.

எல்லாம் மாட்டிய பிறகு முதல் தடவை இக்னிஷன் போடும்போது யாரும் ஏர்பேக்குக்கு நேரே உட்கார வேண்டாம். ஜன்னல் வழியாகக் கை விட்டுச் சாவியைத் திருப்புங்கள். கோடு அழித்து, ஸ்டியரிங்கை ரெண்டு கோடிக்கும், சீட்டை முன்னும் பின்னும் தள்ளிப் பார்த்து, இன்னொரு தடவை ஸ்கேன் எடுங்கள்.