மூன்றடி ரீஃப் டேங்குக்கு எந்த லைட்? கடையில் 300 வாட் வேண்டும் என்கிறார்கள்

மஞ்சக்குப்பம்_மீன்தொட்டி எழுதியது:

எல்லோருக்கும் வணக்கம். கடலூர் மஞ்சக்குப்பத்தில் இருக்கிறேன். வீட்டில் உப்புத் தண்ணீர் டேங்க் ஒன்று ஓடுகிறது. 3 அடி நீளம், ஒன்றரை அடி அகலம், ஒன்றரை அடி உயரம். ஒரு ஜோடி கிளவுன் மீன், ஓர் இறால், செயற்கைப் பாறை. டெஸ்ட் கிட்டில் எல்லாம் சரியாக வருகிறது. அடுத்து கோரல் (உயிருள்ள பவளம்) வைத்து ரீஃப் டேங்க் ஆக்கலாம் என்று ஆசை. லைட்டில்தான் குழம்பி நிற்கிறேன்.

சென்னையில் ஒரு கடையில் கேட்டேன். 300 வாட்டுக்குக் குறைந்தால் கோரல் தாங்காது, 165 வாட் கருப்புப் பெட்டி எல்இடி இரண்டு போடுங்கள் என்றார். கூடவே ராமேஸ்வரம் பக்கத்திலிருந்து ஹார்டு கோரல் (கல்லாய் வளரும் பவளம்) துண்டு வரும், சல்லிசாகத் தருகிறேன் என்றும் சொன்னார். மாமா பையன் எலெக்ட்ரீஷியன். 50 வாட் ஃப்ளட் லைட் இரண்டு மாட்டு, லூமன் அள்ளிக் கொட்டும் என்கிறான். யூடியூபில் பார்த்தால் டி5 என்ற ஒல்லி ஃப்ளோரசன்ட் டியூப்தான் ராஜா என்கிறார்கள்.

ஹாலில் ஏசி கிடையாது. மே மாதம் டேங்க் தண்ணீர் 31 டிகிரிக்குப் போய்விடுகிறது. மேற்குப் பக்கம் ஜன்னல் இருக்கிறது. எதை வாங்குவது என்று அனுபவப்பட்டவர்கள் சொன்னால் நல்லது.

சென்னை_ரீஃப்_பையன் எழுதியது:

165 வாட்டே வாங்குங்க ப்ரோ. ப்ளூ 100, ஒயிட் 100 வைத்துவிட்டு மறந்துவிடுங்கள். வெயிலில் வளர்ந்த ஜீவன், லைட் எவ்வளவு கொடுத்தாலும் வாங்கிக்கொள்ளும்.

பந்தல்லைட்_முத்தியால்பேட்டை எழுதியது:

தம்பி சொன்னபடி ப்ளூ, ஒயிட் இரண்டு நாப்பையும் 100-ல் வைத்தால் முதலில் வைக்கும் மஷ்ரூம் கோரல் சுருங்கி, கல்லை விட்டுக் கழன்று மிதக்கும். தயவுசெய்து செய்யாதீர்கள்.

எனக்குத் தொழில் கல்யாண மண்டபம், கோயில் திருவிழா லைட் செட்டிங். புதுச்சேரி முத்தியால்பேட்டையில் கடை. வீட்டிலும் டேங்க் இருக்கிறது. லைட் என்று பேச்செடுத்தால் நிறுத்தமாட்டேன், பொறுத்துக்கொள்ளுங்கள். ஒரு மண்டபத்துக்கு வேலை பேசப் போனால் நான் முதலில் வாட் கேட்கமாட்டேன். மேடை எவ்வளவு அகலம், பெண் மாப்பிள்ளை எங்கே நிற்பார்கள், லைட் ஸ்டாண்டு எவ்வளவு தூரத்தில் என்றுதான் கேட்பேன். உங்களிடமும் அதே கேள்விதான். என்ன கோரல் வைக்கப் போகிறீர்கள்? அதைச் சொல்லாமல் லைட்டை மட்டும் கேட்டால் கடைக்காரர் இருப்பதிலேயே பெரியதைத்தான் தலையில் கட்டுவார்.

அதற்கும் முன்னால் ஒன்று. அந்த ராமேஸ்வரத்துத் துண்டுகள் பக்கமே போகாதீர்கள். ஹார்டு கோரல் முழுக்க வனவிலங்குச் சட்டத்தில் முதல் அட்டவணையில் இருக்கிறது. புலிக்கு என்ன பாதுகாப்போ அதே பாதுகாப்பு. மாட்டினால் 3 வருடத்திலிருந்து 7 வருடம் வரை உள்ளே. கடலில் பொறுக்கிய செத்த பவளக் கல்லும் இதில் சேரும். நீங்கள் செயற்கைப் பாறை வைத்திருப்பது நல்லதாகப் போயிற்று.

ஆக உங்களுக்கு மஷ்ரூம், ஜோவா, இந்த மாதிரி கல் எலும்பு இல்லாத சாஃப்ட் வகைகள்தான். அதிலும் எங்கே வளர்த்தது என்று பில்லோடு சொல்பவரிடம் வாங்குங்கள், சந்தேகம் இருந்தால் வனத்துறை அலுவலகத்தில் ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள். இதை ஏன் லைட் கேள்விக்கு நடுவில் சொல்கிறேன் என்றால், இந்த முடிவிலேயே உங்கள் லைட் செலவு பாதியாகிவிடுகிறது. 300 வாட் பேச்செல்லாம் அக்ரோபோரா மாதிரி வெயில் குடிக்கும் ஹார்டு கோரலுக்கு. மஷ்ரூமுக்கு அது தண்டனை.

இப்போது அளவுக்கு வருவோம். லூமனை மறந்துவிடுங்கள். லூமன் என்பது மனிதக் கண்ணுக்கு எவ்வளவு வெளிச்சம் தெரிகிறது என்ற கணக்கு. நம் கண் 555 நானோமீட்டர் பச்சையில்தான் கூர்மை. கோரலுக்கு வேண்டிய 420-லிருந்து 480 வரையிலான நீலம் நம் கண்ணுக்கு மங்கல். அதனால் நல்ல ரீஃப் லைட்டுக்கு லூமன் குறைவாகத்தான் காட்டும். மாமா பையன் சொன்னதில் தப்பில்லை, அவர் தெருவுக்கு லைட் போடுகிறார்.

கோரலுக்குப் பார் (PAR) என்று ஒரு அளவு உண்டு. 400-லிருந்து 700 நானோமீட்டர் வரை உள்ள ஒளித்துகள்களை எண்ணிச் சொல்வது. உச்சி வெயிலில் கடல் மேற்பரப்பில் 2000 மைக்ரோமோல் அளவுக்கு இருக்கும். மஷ்ரூமுக்கு 50-லிருந்து 100 போதும். ஜோவாவுக்கு 75-லிருந்து 150. அக்ரோபோராதான் 250, 350 என்று கேட்கும். போன் ஆப்பில் லக்ஸ் பார்த்துப் பெருக்கிக்கொள்ளலாம் என்பார்கள். வெள்ளை லைட்டில் ஓரளவு ஒத்துவரும், நீல லைட்டில் படு பொய் சொல்லும். அப்போஜி 510 மாதிரி தண்ணீருக்குள் விடும் மீட்டர்தான் சரி. விலை கூடுதல், அதனால் நாலு பேர் சேர்ந்து வாங்கிச் சுற்றில் விடுவார்கள். சென்னையில் யாராவது ஒரு நாளைக்கு வாடகைக்குத் தருவார்களா என்று விசாரியுங்கள். ஒருமுறை அளந்தால் போதும்.

இனி நீங்கள் சொன்ன மூன்றையும் பார்ப்போம்.

ஃப்ளட் லைட்டில் கோரல் வளரும். வெள்ளை எல்இடி என்பதே 450 நானோமீட்டர் பக்கம் உள்ள நீலச் சிப்பின் மேல் மஞ்சள் பூச்சு பூசியதுதான். நீலம் உள்ளே இருக்கிறது. ஆனால் டேங்க் மஞ்சளடித்துப் போய் இருக்கும், ஜோவாவின் ஒளிரும் பச்சையும் ஆரஞ்சும் தெரியவே தெரியாது. அந்த நிறத்தைப் பார்க்கத்தானே கோரல் வைக்கிறோம்? அதுவும் வெளிச்சுவரில் அடிக்கச் செய்த லைட், உப்புத் தண்ணீருக்கு மேலே தொங்கவிடச் செய்ததில்லை.

டி5 உண்மையில் அருமையான வெளிச்சம். நிழலே விழாது, ஒரே சீராகப் பரவும். ஆனால் ஃப்ளோரசன்ட் டியூப்களை உலகம் முழுக்கவே நிறுத்திக்கொண்டு வருகிறார்கள். ரீஃப் டியூபை வருடத்துக்கு ஒருமுறை மாற்ற வேண்டும், கடலூரில் எங்கே போய் வாங்குவீர்கள்? மெட்டல் ஹாலைடு நீங்கள் கேட்கவில்லை, நல்லது. மைதானத்துக்குப் போட்டுப் பார்த்தவன் சொல்கிறேன், அந்தச் சூட்டுக்குத் தண்ணீரைக் குளிர்விக்கும் சில்லர் இல்லாமல் முடியாது.

மீதி எல்இடி. 165 வாட் பெட்டி மோசமில்லை. ஆனால் மூன்றடி நீளத்துக்கு நடுவில் ஒரு பெரிய லைட் போட்டால் நடுவில் சுடும், ஓரங்கள் இருட்டாகும். 50, 60 வாட் அளவில் சின்ன ரீஃப் லைட் இரண்டு, மூன்றடியை நாலாகப் பிரித்து முதல் கால் கோட்டிலும் மூன்றாம் கால் கோட்டிலும் தொங்கவிடுங்கள். தண்ணீர் மட்டத்திலிருந்து ஒரு சாண், ஒன்றேகால் சாண் உயரம். லென்ஸ் வெளிச்சத்தை விரிக்கும் கோணம் 90 டிகிரிக்குக் குறையாமல் இருக்கட்டும். குறுகிய லென்ஸ் ஆழமான டேங்குக்கு, உங்களுடையது ஒன்றரை அடிதான்.

நீலம், வெள்ளை தனித்தனியாக ஏற்றி இறக்க முடிகிறதா என்று பார்த்து வாங்குங்கள். முதல் வாரம் நீலம் 30 சதவீதம், வெள்ளை 5. வாரம் ஐந்து ஐந்தாக ஏற்றி, நீலம் 50, வெள்ளை 15 பக்கம் நிறுத்திப் பாருங்கள். ஜோவா காம்பு நீட்டி அண்ணாந்து பார்த்தால் வெளிச்சம் பற்றவில்லை. மஷ்ரூம் ஓரம் சுருண்டு வெளுத்தால் அதிகம். வெள்ளையை ஏற்ற ஏற்ற கண்ணாடியில் பாசிதான் வளரும், அவசரப்படாதீர்கள்.

நம் ஊர் விஷயம் இன்னும் பாக்கி இருக்கிறது. கடற்காற்று. எங்கள் ஹோல்டர், பின் எல்லாம் ஒரு மழைக்காலத்தில் களிம்பு பிடித்துவிடும். லைட்டுக்குள் ஃபேன் இருந்தால் அதுதான் முதலில் போகும், எனவே ஃபேன் இல்லாமல் அலுமினியப் பட்டையாலேயே ஆறும் மாடல் கிடைத்தால் அதையே எடுங்கள். லைட்டுக்குக் கரண்டை மாற்றிக் கொடுக்கும் டிரைவர் பெட்டியை டேங்குக்கு மேலே வைக்காதீர்கள். வயர் பிளக்குக்குப் போவதற்கு முன் கீழே ஒரு வளைவு தொங்கட்டும், வழிகிற தண்ணீர் அங்கேயே சொட்டிவிடும். கரண்ட் கசிந்தால் உடனே துண்டிக்கும் 30 மில்லிஆம்ப் ஆர்சிசிபி இல்லாமல் உப்புத் தண்ணீர் டேங்கை ஓட்டவே கூடாது.

300 வாட் ஒன்பது மணி நேரம் என்றால் இரண்டு மாதத்தில் 162 யூனிட். 100 வாட்டுக்கு 54. மிச்சமாகும் காசைத் தண்ணீரின் அந்த 31 டிகிரியை இறக்கச் செலவழியுங்கள். உங்கள் பிரச்சினை லைட்டில் இல்லை, அந்த 31-ல் இருக்கிறது.

பரங்கிப்பேட்டை_கடல் எழுதியது:

பந்தல்லைட் அண்ணன் கடைசியில் சொன்னதைத்தான் நான் முதலில் சொல்லியிருப்பேன். பரங்கிப்பேட்டையில் கடல் உயிரியல் படித்தவள் என்ற முறையில் கொஞ்சம் சேர்க்கிறேன்.

கோரலின் சதைக்குள் நுண்பாசி குடியிருக்கிறது. அது வெளிச்சத்தில் உணவு செய்து கோரலுக்குப் பெரும்பங்கைக் கொடுத்துவிடுகிறது. தண்ணீர் சூடாகி, வெளிச்சமும் கூடுதலாக இருந்தால் அந்தப் பாசியின் ஒளிச்சேர்க்கை தடுமாறி, நச்சான ஆக்சிஜன் வடிவங்கள் உண்டாகின்றன. கோரல் பாசியை வெளியே தள்ளிவிடும். வெளுப்பது இப்படித்தான். மன்னார் வளைகுடாவில் 1998, 2010, 2016 ஆண்டுகளில் பவளங்கள் வெளுத்ததும் கடல் சூடானதால்தான். ஆகவே 31 டிகிரியில் இருக்கும் டேங்கில் லைட்டை ஏற்றுவது இரண்டு கையாலும் தள்ளிவிடுகிற மாதிரி. 25-லிருந்து 27-க்குள் கொண்டுவந்த பிறகு கோரல் வாங்குங்கள். கோரல் வெளுக்காமல் பழுப்பாக மாறினால் பயப்படாதீர்கள். பெரும்பாலும் வெளிச்சம் குறைவால் பாசி பெருகியிருக்கும்.

அண்ணன் சொன்ன ஒன்றில் மட்டும் எனக்கு உடன்பாடில்லை. கண்ணாடிப் பாசிக்கு வெள்ளை லைட்டை மட்டும் குற்றம் சொல்ல முடியாது. நைட்ரேட்டும் பாஸ்பேட்டும் ஏறியிருந்தால் எந்த லைட்டிலும் பாசி வரும். தீனியைக் குறைத்து, ஆர்ஓ தண்ணீர் ஊற்றிப் பாருங்கள். தேவனாம்பட்டினம் பக்கம்தானே, கடல் தண்ணீரையே கொண்டுவரலாம் என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள். கெடிலமும் பெண்ணையாறும் வண்டல் கொண்டுவந்து கொட்டும் கரை அது.

ஜோவா வகைகளில் சிலவற்றில் பாலிடாக்சின் என்ற கொடிய விஷம் உண்டு. வெட்டும்போது, கல்லைத் தேய்க்கும்போது கையுறையும் கண்ணாடியும் கட்டாயம். அந்தக் கல்லை வெந்நீரில் போடவே கூடாது, ஆவியை மூச்சில் இழுத்தாலே ஆபத்து.

பந்தல்லைட்_முத்தியால்பேட்டை எழுதியது:

படித்தவங்க சொன்னால் சரியாகத்தான் இருக்கும். ஆனாலும் அம்மா, என் டேங்கில் வெள்ளையை இறக்கினால் கண்ணாடி துடைக்கிற வேலை குறைகிறது. நான் இறக்கியே வைத்துக்கொள்கிறேன்.

மஞ்சக்குப்பம்_மீன்தொட்டி எழுதியது:

அண்ணா, அக்கா, இரண்டு பேருக்கும் நன்றி. ஹார்டு கோரல் வேண்டாம் என்று அந்தக் கடையில் சொல்லிவிட்டேன். 50 வாட் லைட் இரண்டு பார்த்து வைத்திருக்கிறேன், நீலம் வெள்ளை தனித்தனி. சில்லர் இப்போதைக்குக் கையைக் கடிக்கும். ஃபேன் வைத்தால் போதுமா? கரண்ட் கட் ஆனால் லைட்டை இன்வெர்ட்டரில் போடணுமா?

பந்தல்லைட்_முத்தியால்பேட்டை எழுதியது:

தண்ணீர் மேல் ஃபேன் காற்று படும்படி வைத்தால் இரண்டு மூன்று டிகிரி இறங்கும். மூடி இருந்தால் எடுத்துவிட்டு வலை போடுங்கள். ஆவியாகிற தண்ணீருக்கு உப்பில்லாத ஆர்ஓ தண்ணீர் தினமும் விட வேண்டும், இல்லாவிட்டால் உப்பு ஏறிவிடும். மதியம் கடற்காற்று ஈரத்தோடு வந்தபிறகு ஃபேன் அவ்வளவாக வேலை செய்யாது, அதையும் கணக்கில் வையுங்கள். அதனால் கோடையில் லைட் நேரத்தையே தள்ளிவிடுங்கள். மாலை 4 மணிக்கு ஆரம்பித்து ராத்திரி 12-க்கு அணையட்டும். உச்சி வெயில் சூடும் லைட் சூடும் ஒரே நேரத்தில் சேராது, நீங்களும் வேலை முடிந்து வந்து பார்க்கலாம். மேற்கு ஜன்னலுக்குக் கனமான திரை போடுங்கள். சாயங்கால வெயில் கண்ணாடியில் நேராக அடித்தால் நாம் போட்ட கணக்கெல்லாம் வீண்.

கரண்ட் கட்டுக்கு லைட்டை இன்வெர்ட்டரில் போடவே வேண்டாம். இரண்டு மூன்று நாள் இருட்டை கோரல் தாங்கும். தண்ணீர் ஓடாமல் நின்றால்தான் மீன் மணிக்கணக்கில் போய்விடும். 2024 நவம்பர் 30 ஃபெஞ்சல் புயல் அன்று எங்கள் வீட்டில் பேட்டரி ஏர் பம்ப் மட்டும்தான் ஓடியது. உங்கள் இன்வெர்ட்டரில் தண்ணீரைச் சுழற்றும் வேவ் மேக்கரைப் போடுங்கள், அது பத்து வாட்கூட இழுக்காது.

டைமர் வாங்கும்போது உள்ளே சின்ன பேட்டரி உள்ள டிஜிட்டல் டைமராகப் பாருங்கள். சுற்றுகிற பழைய மாடல் கரண்ட் போனால் நின்றுவிடும். அப்புறம் உங்கள் 4 மணி 6 மணியாகி, ராத்திரி இரண்டு மணி வரை ஹாலில் நீல லைட் எரியும், வீட்டில் திட்டு வாங்குவீர்கள்.