கண் சொட்டு மருந்து புராஜெக்ட்: 5 வாரம் ஆகியும் பிரீஃபே முடிவாகவில்லை

கோட்டுநோட்டு எழுதியது:

வணக்கம். புராடக்ட் டிசைன் மூன்றாம் ஆண்டு படிக்கிறேன். இந்த செமஸ்டரில் தலைப்பு, பிரீஃப் (யாருக்காக, எந்தச் சிக்கலைத் தீர்க்கப் போகிறோம் என்ற சுருக்கமான குறிப்பு), கால அட்டவணை எல்லாம் நாங்களே போட்டுக்கொள்ள வேண்டும். மொத்தம் 16 வாரம். கைடை இரண்டு வாரத்துக்கு ஒரு முறை பார்க்கலாம். இதுவரை யாராவது கொடுத்த பிரீஃபுக்குத்தான் வேலை செய்திருக்கிறேன். இப்போது நான் எடுக்கும் ஒவ்வொரு முடிவும் சரியா தவறா என்று சொல்ல ஆளில்லை. 5 வாரம் ஓடிவிட்டது.

நான் எடுத்தது கண் சொட்டு மருந்து. என் பாட்டிக்கு கிளாக்கோமா, அதாவது கண் அழுத்த நோய். தினமும் இரவு இரண்டு கண்ணிலும் ஒவ்வொரு சொட்டு போட வேண்டும். விரல் மூட்டுகள் வீங்கியிருப்பதால் பாட்டிலை அழுத்தச் சிரமப்படுகிறார். தலையைச் சாய்த்தால் கை நடுங்குகிறது. மருந்து கன்னத்தில் வழிகிறது. ஒரு மாதம் வர வேண்டிய பாட்டில் மூன்று வாரத்தில் தீர்ந்துவிடுகிறது. மருந்து தீர்ந்த பிறகு வரும் அந்த இடைவெளியை நினைத்தால்தான் எனக்குப் பயம். இந்த நோயில் போன பார்வை திரும்பி வராது.

பிரீஃபில் "முதியவர்கள் கண் சொட்டு மருந்து பயன்படுத்தும் அனுபவத்தை மேம்படுத்துதல்" என்று எழுதினேன். கைடு படித்துவிட்டு, "இது ஒரு துறை, புராஜெக்ட் இல்லை" என்றார். அவர் சொல்வது புரிகிறது. எங்கே வெட்டுவது என்பதுதான் தெரியவில்லை. 40 ஸ்கெட்ச்சுக்கு மேல் போட்டுவிட்டேன். நெம்புகோல் வைத்தது, மூக்கில் தாங்கி நிற்பது, மூக்குக்கண்ணாடி பிரேம் மாதிரி மாட்டிக்கொள்வது என்று வகைவகையாக இருக்கிறது. கடைசியாக வரைந்ததே நல்லது என்று ஒவ்வொரு நாளும் தோன்றுகிறது.

போன வாரம் தேடிப் பார்த்தபோது இதற்கென்றே பல கருவிகள் ஏற்கெனவே விற்பனையில் இருப்பது தெரிந்தது. தலைப்பை மாற்றிவிடலாமா? மாற்ற வேண்டாம் என்றால் எப்படிச் சுருக்குவது? சோதித்துப் பார்க்க பாட்டி ஒருவர் போதுமா?

---

களிமண்மேசை எழுதியது:

மாற்றாதீர்கள். இன்னொரு தலைப்பு எடுத்தாலும் ஐந்தாவது வாரத்தில் இதே இடத்தில்தான் வந்து நிற்பீர்கள், அப்போது மீதி இருப்பது 6 வாரம்தான்.

எனக்கு இது நடந்திருக்கிறது. கடைசி வருடத்தில் ஊன்றுகோல் கைப்பிடி எடுத்தேன். 11 வாரம் வரைந்தேன், ரெண்டரிங் (நிஜப் பொருள் போலத் தெரியும் படங்கள்) செய்தேன், பார்த்தவர்கள் எல்லாரும் பாராட்டினார்கள். 12வது வாரம் முதல் மாடலைச் செய்து ஒருவர் கையில் கொடுத்தேன். அவர் முழு எடையையும் வைத்ததும் கைப்பிடி உள்ளங்கையில் திரும்பிக்கொண்டது. கிழிந்த அட்டையும் டேப்பும் இருந்திருந்தால் முதல் வாரத்திலேயே தெரிந்திருக்கும். அந்த 11 வாரத்தை நினைத்தால் இன்றும் மனசு கனக்கிறது. அதனால்தான் இவ்வளவு நீளமாக எழுதுகிறேன்.

உங்கள் பதிவிலேயே மூன்று தனித்தனிச் சிக்கல்கள் இருக்கின்றன. குறி வைப்பது ஒன்று. அழுத்துவது ஒன்று. சொட்டு விழுந்ததா இல்லையா என்று தெரிவது இன்னொன்று. மூன்றுக்கும் மூன்று வேறு பொருட்கள் பிறக்கும். மூன்றையும் ஒரே கருவியில் அடக்கப் பார்ப்பதால்தான் ஸ்கெட்ச் முடியவே மாட்டேன் என்கிறது.

பாட்டி மருந்து போடுவதை எத்தனை இரவு பார்த்திருக்கிறீர்கள்? பக்கத்தில் நின்று உதவியதைக் கேட்கவில்லை. கைகட்டி உட்கார்ந்து பார்த்ததைக் கேட்கிறேன். அவரிடம் சொல்லிவிட்டு ஒரு வாரம் பாருங்கள். ஒவ்வொரு சொட்டுக்கும் ஒரு வரி: எத்தனையாவது முயற்சி, எங்கே விழுந்தது, மற்றொரு கை என்ன செய்தது, அடுத்த சொட்டு ஏன் போட்டார். தேதி போட்டு எழுதுங்கள். ஜூரி (இறுதி மதிப்பீடு) அன்று நீங்கள் வரைந்த 40 படத்தைவிட இந்த நாலு பக்கம் உங்களுக்காகப் பேசும்.

அழுத்தும் விசையைச் சமையலறைத் தராசிலேயே அளக்கலாம். தண்ணீர் நிரப்பிய காலி பாட்டிலைத் தராசில் படுக்க வைத்து, நுனி வெளியே நீட்டிக்கொண்டிருக்க, சொட்டு விழும் வரை விரலால் அழுத்துங்கள். தராசு எவ்வளவு காட்டுகிறதோ அதுதான் தேவைப்படும் அழுத்தம். கையில் பிடிக்கும்போது உள்ள அழுத்தத்துக்கு இது அப்படியே சமமாகாது, ஆனால் இரண்டு பாட்டிலை, இரண்டு மாடலை ஒப்பிட இது போதும்.

"ஏற்கெனவே இருக்கிறது" என்பதற்கு: 1990இல் ஆக்ஸோ நிறுவனம் குட் கிரிப்ஸ் தோல்சீவியைக் கொண்டுவந்தபோதும் உலகத்தில் தோல்சீவிகள் இல்லாமலில்லை. மூட்டுவாதம் இருந்த மனைவிக்கு மெல்லிய உலோகப் பிடி வலிப்பதை ஆக்ஸோவைத் தொடங்கிய சாம் ஃபார்பர் கவனித்தார். தடித்த, வழுக்காத பிடி அங்கிருந்து வந்தது. விற்பனையில் இருக்கும் ஒரு கருவியை வாங்கி பாட்டியிடம் கொடுங்கள். நாலாவது நாள் அது மேசை இழுப்பறைக்குள் போனால், ஏன் போனது என்று கேளுங்கள். உங்கள் பிரீஃப் அங்கேதான் இருக்கிறது.

---

இமைக்காவல் எழுதியது:

கண் மருத்துவப் பிரிவில் செவிலியராக இருக்கிறேன். டிசைன் எனக்குத் தெரியாது, சொட்டு மருந்து தெரியும்.

தம்பி, கன்னத்தில் வழிந்தால் குறி தவறிவிட்டது என்று எண்ணாதீர்கள். பாட்டிலிலிருந்து வரும் ஒரு சொட்டு சுமார் 0.04, 0.05 மில்லி இருக்கும். கண் ஏறக்குறைய 0.03 மில்லிதான் தாங்கும். சரியாக விழுந்தாலும் மிச்சம் வழியத்தான் செய்யும். வழிவதைப் பார்த்து பயந்து இன்னொரு சொட்டு போடுபவர்களைத் தினமும் பார்க்கிறேன்.

நுனி கண்ணையோ இமையையோ தொடவே கூடாது. தொட்டால் கிருமி பாட்டிலுக்குள் போகும். மூக்கில் தாங்கி நிற்கும் கருவி வரைந்தால் இதை முதலில் பாருங்கள். சொட்டு போட்டதும் கண்ணை மூடி, மூக்கோரத்துக் கண் முனையை ஓரிரு நிமிடம் விரலால் லேசாக அழுத்தச் சொல்வோம், மருந்து தொண்டைக்குள் இறங்காமல் இருக்க. அந்த நேரத்தில் ஒரு விரலாவது காலியாக இருக்க வேண்டும்.

இன்னொன்று. குளிர்ந்த சொட்டு விழுந்தால் கண் அதை நன்றாக உணரும். சில மருந்துகளை ஃபிரிட்ஜில் வைக்கலாம், சிலவற்றை வைக்கக் கூடாது. டாக்டரிடம் கேட்காமல் செய்யாதீர்கள். மற்றவர்களை வைத்துச் சோதிப்பதென்றால் தண்ணீர் பாட்டிலும், கண் அளவுக்கு வட்டம் வரைந்த காகிதமும் போதும். யாருடைய கண்ணுக்கு அருகிலும் போவதாக இருந்தால் உங்கள் பல்கலைக்கழக நெறிமுறைக் குழுவின் அனுமதி வாங்கிவிட்டுச் செய்யுங்கள்.

---

வெள்ளித்தாள் எழுதியது:

எத்தனை பேர் என்ற கேள்விக்கு மட்டும். 5 பேர் போதும் என்று யாராவது சொல்வார்கள். பயன்பாட்டு ஆய்வு நிபுணர் ஜேக்கப் நீல்சன் 2000இல் எழுதியது அது. மென்பொருள், இணையதளங்களில் உள்ள பயன்பாட்டுக் கோளாறுகளைக் கண்டுபிடிப்பது பற்றிய கணக்கு. கைகளுக்கு அப்படியே பொருந்தாது. நடுங்கும் கை, வீங்கிய மூட்டு, ஒரே கையில் செய்பவர் என்று கைகள் வித்தியாசப்பட வேண்டும். எண்ணிக்கை அப்புறம்.

பாட்டி ஒருவரிடமிருந்து தொடங்குவதில் குறையே இல்லை. டெபோரா ஆட்லர் என்ற மாணவியின் பாட்டி, தாத்தாவின் மாத்திரையைத் தவறுதலாகச் சாப்பிட்டுவிட்டார். அதிலிருந்து ஆட்லர் நியூயார்க்கின் ஸ்கூல் ஆஃப் விஷுவல் ஆர்ட்ஸில் தன் முதுகலை புராஜெக்டாக மருந்து பாட்டிலையும் லேபிளையும் மாற்றி வடிவமைத்தார். 2005இல் அமெரிக்கக் கடைச் சங்கிலியான டார்கெட் நிறுவனம் அதை கிளியர்ஆர்எக்ஸ் என்ற பெயரில் தன் மருந்தகங்களில் கொண்டுவந்தது. குடும்பத்தில் ஒவ்வொருவருக்கும் ஒரு நிற வளையம், மருந்தின் பெயர் பெரிதாக மேலே. அவர் எடுத்த கேள்வி "முதியவர்களும் மருந்தும்" இல்லை, "இது யாருடைய பாட்டில்?" என்பதுதான்.

களிமண்மேசை சொன்னதில் ஒன்றை மட்டும் மாற்றுவேன்: கவனிப்பதற்கும் முடிவு தேதி வையுங்கள். நோட்டு நிறைவது சுகமாக இருக்கும், அதிலேயே இரண்டு மாதம் போய்விடும். வகுப்புத் தோழர் ஒருவரோடு வாரம் ஒரு நாள் அரை மணி நேரம் உட்காருங்கள். கைடு இல்லாத வாரத்தில் அதுதான் உங்கள் ரிவியூ.

---

கோட்டுநோட்டு எழுதியது:

எல்லோருக்கும் நன்றி. 9 இரவு உட்கார்ந்து பார்த்தேன். போட வேண்டியது 18 சொட்டு. சிறிய டார்ச் வைத்துப் பக்கத்திலிருந்து பார்த்ததில் முதல் முயற்சியிலேயே கண்ணில் விழுந்தது 12. தவறியது 6, அவற்றுக்கு மறுபடி போட்டார். ஆனால் சரியாக விழுந்த 12இல் 7 தடவை, விழுந்தது தெரியாமல் இன்னொன்றும் போட்டார். மொத்தம் 31. பாட்டில் ஏன் மூன்று வாரத்தில் தீர்கிறது என்பது அன்றைக்குத்தான் புரிந்தது.

என் 40 ஸ்கெட்ச்சில் ஒன்றுகூட இந்த 7 சொட்டைப் பற்றியது இல்லை.

6க்கும் 7க்கும் பெரிய வித்தியாசமில்லை என்பது தெரியும். ஆனால் நான் பார்த்த கருவிகள் எல்லாம் குறி வைப்பதையும் அழுத்துவதையும்தான் கவனிக்கின்றன. அதனால் பிரீஃபை இப்படி மாற்றினேன்: "விரல் வலுவில்லாத ஒருவர், தனியாக இருக்கும்போது, சொட்டு கண்ணில் விழுந்ததைச் சந்தேகமில்லாமல் உணர்வது." கைடு இரண்டு தடவை படித்துவிட்டு, "மாடல் எப்போது?" என்று மட்டும் கேட்டார்.

அழுத்தினால் "டிக்" என்று சத்தம் வரும் உறை ஒன்று யோசித்திருக்கிறேன். இமைக்காவல் அக்கா சொன்ன குளிர்ச்சியையும் டாக்டரிடம் கேட்டேன். பாட்டியின் மருந்தை ஃபிரிட்ஜில் வைக்கலாம் என்றார். மூன்று இரவு அப்படிப் போட்டதில் ஒரு சொட்டுகூட வீணாக இரண்டாவது முறை போடவில்லை. சந்தோஷமாக இருந்தது, ஆனால் ஒரு கவலையும் வந்துவிட்டது. ஃபிரிட்ஜே போதும் என்றால் நான் செய்ய என்ன இருக்கிறது?

---

களிமண்மேசை எழுதியது:

"டிக்" வேண்டாம். அழுத்தியதைத்தான் அது சொல்லும், சொட்டு எங்கே விழுந்தது என்று அதற்குத் தெரியாது. கன்னத்தில் விழுந்தாலும் டிக் என்று கேட்கும், பாட்டி நம்பிவிடுவார். அது இப்போதைய நிலையைவிட மோசம்.

குளிர்ச்சியை விடாதீர்கள். பாட்டி எங்கே உட்கார்ந்து மருந்து போடுகிறார்? ஃபிரிட்ஜ் எங்கே இருக்கிறது? அந்த மூன்று இரவும் பாட்டிலை எடுத்துக் கொடுத்தது யார்?

---

கோட்டுநோட்டு எழுதியது:

நான்தான் எடுத்துக் கொடுத்தேன். அவர் கட்டிலில் உட்கார்ந்து போடுகிறார். இரவில் விளக்கு அணைந்த பிறகு சமையலறை வரை நடக்க மாட்டார், முன்கூட்டியே எடுத்து வைத்தால் பாட்டில் சூடாகிவிடுகிறது. அப்படியென்றால் தலைமாட்டில் சில மணி நேரம் குளிர்ச்சியை வைத்திருக்கும் தடித்த உறை. தடித்திருந்தால் பிடிக்கவும் விரலுக்கு வசதி. நுனி மட்டும் வெளியே தெரிய வேண்டும், மூக்கோரத்தை அழுத்த ஒரு விரல் மிச்சமிருக்க வேண்டும்.

வீட்டில் களிமண் இருக்கிறது. இன்று இரவே மூன்று தடிமனில் பிடித்து, தண்ணீர் பாட்டிலைச் செருகிக் கொடுத்துப் பார்க்கிறேன்.