அம்மாவுக்கு பாராதைராய்டு ஆபரேஷன்: அனுபவம் உள்ளவர்கள் சொல்லுங்களேன்

எல்லோருக்கும் வணக்கம். அம்மாவுக்கு 61 வயது, ஊர் தஞ்சாவூர். மூன்று வருடத்தில் இரண்டு தடவை சிறுநீரகக் கல். கூடவே எலும்பு வலி, மலச்சிக்கல், எதற்கெடுத்தாலும் அசதி. "வயசாகிடுச்சும்மா" என்றே அனுப்பிவிட்டார்கள். போன மாதம்தான் ஒரு டாக்டர் ரத்தத்தில் கால்சியம் பார்க்கச் சொன்னார். 11.9! பாராதைராய்டு சுரந்து ரத்தத்தில் கால்சியத்தை ஏற்றுகிற பிடிஎச் ஹார்மோனும் ரொம்ப அதிகம். செஸ்டாமிபி ஸ்கேனில் இடது கீழ்ப்பக்க பாராதைராய்டு சுரப்பியில் கட்டி தெரிகிறது. பெரும்பாலும் புற்றுநோய் இல்லை, எடுத்துவிட்டால் சரியாகும் என்கிறார்கள். தைராய்டுக்குப் பின்னால் அரிசி அளவில் இப்படி நாலு சுரப்பி இருப்பதே எனக்கு இப்போதுதான் தெரியும்.

வேலூர் சிஎம்சி, சென்னை ஜி.எச். இரண்டிலும் நாளமில்லாச் சுரப்பி அறுவை சிகிச்சைக்குத் தனித் துறை உண்டு. அங்கே செய்துகொண்டவர்கள் இருக்கிறீர்களா? எத்தனை நாள் தங்க வேண்டியிருந்தது, செலவு எவ்வளவு ஆனது? கட்டியை எடுத்ததும் தியேட்டரிலேயே பிடிஎச் இறங்கிவிட்டதா என்று சோதித்தார்களா? ஆபரேஷனுக்குப் பிறகு கால்சியம் குறைந்து உதடு, விரல் மரத்துப்போகும் என்கிறார்களே, எவ்வளவு நாள் மாத்திரை போட்டீர்கள்?

அம்மாவின் பயம் வேறு. குரல் நரம்பு பக்கத்திலேயே போகிறதாம். மார்கழியில் கோயிலில் திருப்பாவை பாடுகிறவர். "குரல் போனா என்னடா பண்றது" என்று தினமும் கேட்கிறார். உங்களில் யாருக்காவது குரல் கம்மி, பிறகு சரியானதா? அதை மட்டுமாவது எழுதுங்கள், அம்மாவிடம் படித்துக் காட்டுகிறேன்.