டிஸ்டார்ஷன் மிதித்தால் இரைச்சல், வேலூர்ப் பக்கம் யாராவது உதவுங்கள்

வணக்கம் நண்பர்களே. காட்பாடியில் இருக்கிறேன், ஞாயிறுதோறும் சர்ச்சில் கிட்டார் வாசிக்கிறேன். நான்கு வருடமாக ஒவ்வொன்றாகச் சேர்த்த பெடல்களை (கிட்டார் சத்தத்தை மாற்றக் காலால் மிதிக்கும் சின்னப் பெட்டிகள்) இப்போதுதான் ஒரே பலகையில் ஏற்றினேன். சத்துவாச்சாரியில் ஒரு ஆசாரி பிளைவுட்டில் சாய்வாக அடித்துக் கொடுத்தார், மேலே வெல்க்ரோ ஒட்டியிருக்கிறேன், அருமையாக வந்திருக்கிறது. வரிசை: டியூனர், வா-வா பெடல், பாஸ் (Boss) கம்பெனியின் டிஎஸ்-1 டிஸ்டார்ஷன், கோரஸ், கடைசியில் டிஜிட்டல் டிலே, அங்கிருந்து ஆம்ப்.

டிஎஸ்-1-ஐ மிதித்ததும் கொசு காதோரம் பறப்பது மாதிரி 'ஙொய்ங்' என்று மெல்லிய சத்தம். கிட்டார் வால்யூமைப் பூஜ்யத்துக்குக் கொண்டுபோனாலும் போகவில்லை, அதனால் பிக்கப் காரணமில்லை. ஐந்தும் 9 வோல்ட், சென்டர் நெகட்டிவ் (பிளக்கின் நடுமுனை நெகட்டிவ்), ஒரே அடாப்டரிலிருந்து டெய்சி செயினில், அதாவது பல முனைகள் உள்ள ஒரே ஒயரில் ஓடுகின்றன. டிலேயின் கரன்ட் ஒயரைப் பிடுங்கி, சிக்னலை நேராக ஆம்புக்குக் கொடுத்தால் சத்தம் நின்றுவிடுகிறது. டிஎஸ்-1-க்கு மட்டும் பேட்டரி போட்டாலும் அப்படித்தான்.

டிலேக்குத் தனி அடாப்டர் போதுமா, இல்லை ஒவ்வொரு பெடலுக்கும் தனித்தனியாகப் பிரித்துக் கரன்ட் கொடுக்கும் ஐசோலேட்டட் பவர் சப்ளையே வாங்கிவிட வேண்டுமா? விலை அதிகம், அதனால்தான் கேட்கிறேன். அப்புறம், ஆம்பில் எஃபெக்ட்ஸ் லூப் (ஆம்பின் ப்ரீஆம்புக்கும் பவர் ஆம்புக்கும் நடுவில் பெடல்களைச் சேர்க்கும் இடம்) இருக்கிறது, கோரஸையும் டிலேயையும் அதில் போட்டால் இரைச்சலுக்கு ஏதாவது பலன் உண்டா, அல்லது டோனுக்கு மட்டும்தானா?

ராணிப்பேட்டை, ஆற்காடு பக்கம் யாரிடமாவது ஐசோலேட்டட் சப்ளை இருந்தால் ஒரு சாயங்காலம் என் பலகையைத் தூக்கிக்கொண்டு வருகிறேன், மாட்டிப் பார்த்துவிடலாம். கிறிஸ்துமஸ் பிராக்டிஸ் தொடங்குவதற்குள் சரியாகிவிட்டால் ரொம்ப நிம்மதி.