கம்பி போட்ட பல் ஆடுகிறது, வழக்குப் போடலாமா?

ஹட்டனில் தனியார் பல் வைத்தியர் ஒருவர் மகளுக்குக் கம்பி போட்டு ஒன்றரை வருசமாக மாதாமாதம் இறுக்கினார், ஒருமுறைகூட எக்ஸ்ரே எடுக்கவில்லை. இப்போது நாக்குப் பட்டாலே முன்பல் ஆடுகிறது. வேர் கரைந்துவிட்டதாம். என்ன செய்யலாம்?

பதில் 1: அக்கா, வேர் கொஞ்சம் கரைவது நல்ல வைத்தியரிடமும் நடக்கும். எக்ஸ்ரே பார்க்காமல் இறுக்கியதுதான் உங்கள் பிடி. பேராதனை பல் போதனா வைத்தியசாலையில் காட்டி, எழுத்தில் அறிக்கை கேளுங்கள்.

பதில் 2: நட்டஈட்டுக்கு மாவட்ட நீதிமன்றம், பொதுவாக 2 வருசத்துக்குள் போட வேண்டும். இலங்கை மருத்துவ சபையிடமும் முறைப்பாடு செய்யலாம், ஆனால் அங்கே காசு கிடைக்காது.

கேட்டவர்: பில்லே தரவில்லை, திகதி எழுதிய அட்டை மட்டும்தான்.

பதில் 2: சரி, அதுவும் சாட்சிதான். இன்றைக்கே போட்டோ எடுத்து வையுங்கள்.