கிளினிக் நாளில் அப்பாவின் சீனி சரியாகத்தான் இருக்கிறது: கண், சிறுநீரகம், கால் பற்றிப் பயப்படத் தேவையில்லையா?

பாலைநிழல் (ஒட்டுசுட்டான்) கேட்டது:

அனைவருக்கும் வணக்கம். என் அப்பாவுக்கு வயது 61. ஒன்பது ஆண்டுகளாகச் சலரோகம் உண்டு. மாதந்தோறும் கிளினிக்குக்குப் போய், கொப்பியில் எழுதித் தரும் மெற்போமின் குளிசைகளைத் தவறாமல் எடுக்கிறார். வெறுவயிற்றுச் சீனி பெரும்பாலும் 120க்கும் 135க்கும் இடையில் இருப்பதால் அங்கே அவருக்குப் பாராட்டும் கிடைக்கிறது. ஆனால் வீட்டிலுள்ள எங்களுக்கு உண்மை தெரியும். கிளினிக்குக்கு மூன்று நாள் இருக்கும்போது அவருடைய சோறு பாதியாகிவிடும், வெறுந்தேநீருக்குக் கடிக்கும் பனங்கட்டியும் நின்றுவிடும். கிளினிக் முடிந்து வரும் வழியிலேயே தேநீர்க் கடையில் எல்லாம் பழையபடி தொடங்கிவிடும்.

என்னைப் பயப்பட வைப்பது மாமாவின் கதை. அவருடைய சீனியும் "கட்டுப்பாட்டில்தான்" இருந்தது. வரம்பில் நடந்தபோது குத்திய ஒரு காரை முள்ளை அவர் நான்கு நாள்வரை உணரவேயில்லை. கடைசியில் இரண்டு விரல்களை எடுக்க வேண்டியதாயிற்று. மாதாந்தச் சீனிப் பரிசோதனையைத் தவிர அப்பாவுக்கு வேறு எவற்றை, எவ்வளவு காலத்துக்கு ஒருமுறை பார்க்க வேண்டும்? சிறுநீரகம் பழுதானால் எங்கள் பக்கத்தில் எல்லோரும் கிணற்றுத் தண்ணீரையே குற்றம் சொல்கிறார்கள். அதையும் விளக்கினால் உதவியாக இருக்கும்.

குளக்கட்டு (அரச மருத்துவர்) எழுதியது:

கிளினிக்குக்கு முன் மூன்று நாள் விரதம் பிடிப்பவர்களை நான் ஒவ்வொரு மாதமும் காண்கிறேன். அவர்களைக் கோபித்துப் பயனில்லை. அந்த ஒரு காலைநேர எண்ணைப் பார்த்து ஏசியும் பாராட்டியும் அவர்களை அப்படிப் பழக்கியவர்கள் நாங்கள்தான்.

முதலில் எச்பிஏ1சி என்ற குருதிப் பரிசோதனையைச் செய்யுங்கள். செங்குழியங்களிலுள்ள ஈமோகுளோபினில் எவ்வளவு சீனி ஒட்டியிருக்கிறது என்பதை அது காட்டும். செங்குழியம் ஏறத்தாழ 120 நாள் வாழ்வதால், கடந்து போன இரண்டு மூன்று மாதங்களின் கணக்கு அதில் பதிந்திருக்கும். மூன்று நாள் பட்டினியால் அதை மறைக்க முடியாது. பெரும்பாலான வயதுவந்தோருக்கு 7 வீதத்துக்குக் கீழே வைத்திருப்பது இலக்கு. மிகவும் முதியவர்களுக்கும், சீனி திடீரெனத் தாழ்ந்து மயங்குபவர்களுக்கும் 8 வரை விட்டுக்கொடுப்போம். கடுமையான இரத்தச்சோகை இருந்தால் இந்த எண்ணை அப்படியே நம்பக் கூடாது என்பதையும் நினைவில் வையுங்கள்.

அடுத்து, பலரும் மறந்துவிடுகின்ற இரத்த அழுத்தம். பிரித்தானியாவில் 1977 இல் தொடங்கி 1998 இல் முடிவுகள் வெளியான பெரிய சலரோக ஆய்வில், சராசரியாக 154/87 அழுத்தத்துடன் இருந்தவர்களோடு ஒப்பிடும்போது, அதை 144/82 அளவுக்குக் குறைத்து வைத்திருந்தவர்களிடம் பாரிசவாதம் 44 வீதமும், சலரோகத்தோடு தொடர்புடைய மரணங்கள் 32 வீதமும் குறைவாக இருந்தன. பத்துப் புள்ளிகள் தந்த பலன் அது. ஆகவே அப்பாவின் கொப்பியில் சீனி எழுதியிருக்கும் வரியைப் பார்ப்பதைப் போலவே, அழுத்தம் எழுதியிருக்கும் வரியையும் பாருங்கள். நாற்பது வயதைக் கடந்த சலரோகக்காரர் பெரும்பாலானோருக்குக் கொழுப்புக்கான ஸ்ரற்றின் குளிசையும் தேவை. "எனக்குக் கொழுப்பு இல்லை" என்று அதை மட்டும் ஒதுக்கி வைப்பவர்கள் உண்டு; மாரடைப்பைத் தடுப்பதற்காகவே அது தரப்படுகிறது.

தண்ணீரைப் பற்றிக் கேட்டீர்கள். வடமத்திய மாகாணத்தில் 1990களில் கவனத்துக்கு வந்ததும், வவுனியா மாவட்டத்தின் சில பகுதிகளிலும் காணப்படுவதுமான, காரணம் அறியப்படாத சிறுநீரக நோய் உண்மையான ஒன்றுதான். ஆனால் சலரோகமோ நீண்டகால உயர் அழுத்தமோ உள்ளவர்களை அந்தக் கணக்கில் பொதுவாகச் சேர்ப்பதில்லை. அப்பாவின் சிறுநீரகத்துக்கு அவருடைய சீனியும் அழுத்தமுமே முதல் எதிரிகள். சலரோகத்தால் வரும் பாதிப்பு பெரும்பாலும் சிறுநீரில் அல்புமின் என்ற புரதம் சிறிதளவு கசிவதிலிருந்து தொடங்கும். அந்தக் கட்டத்தில் கால் வீக்கமோ களைப்போ எதுவும் இராது. எனவே ஆண்டுக்கொருமுறை சிறுநீரில் அல்புமின்–கிரியாற்றினின் விகிதத்தையும், சிறுநீரகம் வெளியேற்ற வேண்டிய கழிவான கிரியாற்றினின் குருதியில் எவ்வளவு என்பதையும் பாருங்கள். விகிதம் ஒரு கிராம் கிரியாற்றினினுக்கு 30 மில்லிகிராமைத் தாண்டித் தொடர்ந்தால், எனலப்ரில், லொசாற்றன் போன்ற குளிசைகள் கசிவைக் குறைத்துச் சிறுநீரகத்தைக் காக்கும். வயல் வேலை முடிந்ததும் முதுகுவலிக்கென்று கடையில் டைக்குளோபெனக் வாங்கி விழுங்குவதை அப்பா செய்கிறாரா என்று விசாரியுங்கள். செய்தால், அந்த வலிக்குளிசை சிறுநீரகத்தைக் கெடுக்கும் என்று சொல்லி நிறுத்தச் சொல்லுங்கள்.

கண்ணுக்கு, பார்வை நன்றாக இருந்தாலும் ஆண்டுக்கொருமுறை கண்மணியை விரிக்கும் துளிமருந்து விட்டு விழித்திரையைப் பார்க்க வேண்டும். லேசர் சிகிச்சை இருக்கின்ற பார்வையைக் காக்கும். போன பார்வையை அது பெரும்பாலும் மீட்டுத் தராது.

முதிரை (ஓய்வுபெற்ற தாதிய உத்தியோகத்தர், கிளிநொச்சி) எழுதியது:

மருத்துவர் ஐயா காலை எனக்கு விட்டுவைத்திருக்கிறார் போலும். முப்பது ஆண்டுகள் புண்ணுக்கு மருந்து கட்டியவள் என்ற முறையில் சொல்கிறேன்: என்னிடம் வந்த சலரோகக் கால்களில் பெரும்பாலானவை நோவுடன் வரவில்லை. நோகவில்லை என்பதால்தான் அவை அவ்வளவு பிந்தி வந்தன.

மோட்டார் சைக்கிளின் புகைக்குழாயில் பாதம் பட்டுப் பொசுங்கியதை, மனைவி மணந்து பார்த்துச் சொன்ன பிறகே அறிந்த ஒருவர் வந்தார். வற்றாப்பளைப் பொங்கலுக்கு நேர்த்தி வைத்து உச்சிவெயில் மணலில் நடந்து, இரு பாதங்களிலும் கொப்புளத்துடன் வந்த ஓர் அம்மாவும் இருந்தார். நேர்த்தியைக் கைவிடச் சொல்ல எனக்கு மனம் வராது. விடியற்காலையில் மணல் சுடமுன் நடக்கலாம், தடித்த காலுறை அணிந்து நடக்கலாம். அம்மன் கோபிக்க மாட்டாள் என்றுதான் சொல்லி அனுப்பினேன்.

தங்கள் அப்பா படுக்கப் போகுமுன் ஒவ்வொரு நாளும் பாதத்தின் அடியையும் விரலிடுக்குகளையும் வெளிச்சத்தில் பார்க்க வேண்டும். அவரால் குனிய முடியாவிட்டால் ஒரு முகம்பார்க்கும் கண்ணாடியை நிலத்தில் வைத்துப் பார்க்கலாம், அல்லது பேரப்பிள்ளையைப் பார்க்கச் சொல்லலாம். பிள்ளைகளின் கண்ணுக்கு ஒரு சின்ன முள்ளும் தப்பாது. பெரும்போக காலத்தில் சேற்றில் நின்றுவிட்டு வந்தால் கழுவி, விரலிடுக்கைத் துணியால் ஒற்றி ஈரம் போக்க வேண்டும். குதி வெடிப்புக்குத் தேங்காயெண்ணெய் பூசலாம், விரலிடுக்கில் பூசக் கூடாது. கால் ஆணியைச் சவர அலகால் சீவுவதும், விறைப்புக்கென்று சுடுநீரில் கால் வைப்பதும் வேண்டவே வேண்டாம். செருப்பு கழன்று விழுந்தது தெரியாமல் நடந்து போகிறார் என்றால், உணர்வு எவ்வளவு போய்விட்டது என்பதற்கு அதைவிடச் சாட்சி தேவையில்லை. பின்பட்டி உள்ள காலணி வாங்கிக் கொடுங்கள். கிளினிக்கிலும் மெல்லிய நைலோன் இழையால் பாதத்தைத் தொட்டு உணர்வைப் பார்ப்பார்கள். ஆண்டுக்கொருமுறை கேட்டுச் செய்விக்கலாம். புண் ஒன்று வந்தால் மஞ்சளும் பச்சிலையும் கட்டி வீட்டில் காத்திருக்காமல் அன்றைக்கே வைத்தியசாலைக்குக் கொண்டு போங்கள்.

கரம்பை எழுதியது:

எங்கள் பெரியம்மா குறிஞ்சா இலையும் பாவற்காயும் சாப்பிட்டே சீனியைக் குறைத்தார். குளிசையை நிறுத்தி ஆறு மாதமாகிறது, நன்றாக இருக்கிறார்.

குளக்கட்டு எழுதியது:

குறிஞ்சா வறையையும் பாவற்காய்க் கறியையும் தாராளமாக உண்ணட்டும். சோற்றின் இடத்தைக் கறி பிடித்தாலே நன்மைதான். ஆனால் "நன்றாக இருக்கிறார்" என்பதை எதை வைத்துச் சொல்கிறீர்கள்? இந்தத் திரியில் நாங்கள் பேசிக்கொண்டிருக்கும் அத்தனை பாதிப்புகளும், நன்றாக இருக்கிறோம் என்று எண்ணும் ஆண்டுகளிலேயே வளர்பவை. பெரியம்மாவுக்கும் எச்பிஏ1சி பார்த்துவிட்டு இங்கே எழுதுங்கள். பனங்கட்டியும் சீனியின் உறவுதான் என்பதை இந்த இடத்தில் சொல்லிவைக்கிறேன்.

நந்திக்கடற்காற்று (புதுக்குடியிருப்பு) எழுதியது:

எனக்குச் சலரோகம் வந்து இருபது ஆண்டுகளுக்கு மேலாகிறது. 2009 இல் இடக்காலை இழந்தேன். அது போரில் செல்லடியால் போனது, நோயால் அல்ல. இடம்பெயர்ந்து அலைந்த மாதங்களில் ஒழுங்கான குளிசையும் இல்லை, தெரிவு செய்து உண்ண உணவும் இல்லை. பின்னர் செட்டிகுளம் முகாமிலிருந்து திரும்பிக் கண்ணைக் காட்டியபோது விழித்திரையில் கசிவு தொடங்கியிருந்தது. லேசர் செய்து பார்வையைக் காத்துக்கொண்டேன்.

என்னைப் போல் ஒற்றைக் காலுடன் இருப்பவர்கள் எங்கள் பகுதியில் பலர் என்பதால் ஒன்றைச் சேர்க்கிறேன். செயற்கைக்கால் பூட்டும் தண்டின் நுனியையும் முதிரை அம்மா சொன்னபடி தினமும் பார்க்க வேண்டும். மிஞ்சிய பாதம் இரட்டிப்புப் பாரம் சுமப்பதால் அதை அதைவிடக் கவனமாகப் பார்க்க வேண்டும். இன்சுலின் போடுபவர்கள், குளிர்சாதனப்பெட்டி இல்லாவிட்டால், குப்பியைப் பொலித்தீன் பையில் இறுக்கிக் கட்டி, நீர் ஊற்றிய மண்பானைக்குள் சிறு சட்டியில் வைத்து நிழலில் வையுங்கள். சித்திரை வெயிலில் அலுமாரிக்குள் வைத்த மருந்து வலுவிழந்து, காரணம் தெரியாமல் நான் பல நாள் திண்டாடியிருக்கிறேன்.

பாலைநிழல் எழுதியது:

அனைவருக்கும் நன்றி. கடந்த கிழமை அப்பாவுக்கு எச்பிஏ1சி பார்த்தோம், 8.9 என்று வந்தது. சிறிது நேரம் பேசாமல் இருந்துவிட்டு, "அந்த மெஷின் பழுதாக இருக்கும்" என்றார். சிறுநீர் விகிதம் 46. மருத்துவர் குளிசையைக் கூட்டி, லொசாற்றனும் தொடங்கி, மூன்று மாதத்தில் சிறுநீரை மறுபடி பார்க்கச் சொன்னார். கண் கிளினிக்குக்கு வரும் வியாழன் திகதி தந்திருக்கிறார்கள். துளிமருந்து விட்ட பிறகு அப்பா தானே மோட்டார் சைக்கிளை ஓட்டி வரலாமா?

முதிரை எழுதியது:

கூடாது, மகள். நான்கைந்து மணிநேரம் பார்வை மங்கி வெளிச்சம் கூசும். யாராவது ஒருவர் கூடப் போங்கள். அல்லது பேருந்தில் வாருங்கள், கறுப்புக் கண்ணாடியும் எடுத்துச் செல்லுங்கள். வரும் வழியில் அந்தத் தேநீர்க் கடையும் இருக்கிறது என்பதை மறக்க வேண்டாம்.